சைலன்சர் சூடு பட்ட இடத்தில் தழும்பு: எதை, எப்போது தடவுவது?

செம்பருத்தி எழுதியது:

பெண்ணுக்கு 14 வயது. வலது கெண்டைக்காலின் உள்பக்கம் பைக் சைலன்சர் பட்டு இன்றோடு 19 நாள். புண் 4 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம். பட்டவுடன் யாரோ பற்பசையைத் தடவிவிட்டார்கள். தண்ணீரில் காட்டியது அரை மணி நேரம் கழித்து, அதுவும் 2 நிமிடம்தான். மறுநாள் கொப்புளம் உடைந்தது. கிளினிக்கில் டிடி ஊசி போட்டு, சில்வர் சல்ஃபாடயசின் களிம்பை இரண்டு வேளை போடச் சொன்னார்கள். இன்றுவரை அதுதான்.

இப்போது ஓரமெல்லாம் மூடிவிட்டது. வெளிவட்டம் கருப்பு, அதற்குள்ளே ரோஸ். நடுவில் மட்டும் 1 செ.மீ. அளவுக்கு இன்னும் ஈரம். மேலே மஞ்சளாகப் பொருக்குத் தட்டுகிறது, சாக்ஸ் கழற்றும்போது அதோடு பிய்ந்து வருகிறது. காய்ச்சல், சீழ், நாற்றம் எதுவும் இல்லை. சாயங்காலமானால் சுற்றிலும் அரிப்பு.

மெடிக்கல் ஷாப்பில் தழும்புக்கு என்று ஒரு ட்யூப் கொடுத்தார்கள். அதில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று போட்டிருக்கிறது. இப்போதே தொடங்கலாமா? சிலிக்கான் ஜெல், சிலிக்கான் ஷீட் இரண்டில் எது நல்லது? வீட்டில் முட்டை, கத்தரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள், அது தேவையா? கடைசியாக ஒன்று: இது முழுதாக மறையுமா?

---

கட்டுத்துணி எழுதியது:

தோழி, தழும்பு மருந்தை ஒரு பக்கம் வையுங்கள். முதல் வேலை நடுவில் இருக்கும் அந்த 1 செ.மீ.யை மூடுவது.

சூட்டுப் புண்ணில் தழும்பு எப்படி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இருக்கிற எளிய வழி நாட்கணக்குதான். 2 வாரத்துக்குள் மூடிய புண் பெரும்பாலும் நிறம் மாறுவதோடு நின்றுவிடும். 3 வாரம் தாண்டினால் மேடிட்டுத் தடிக்கும் வாய்ப்பு ஏறும். மேல்தோல் மூடும்வரை கீழே அழற்சி ஓயாது, அது ஓயாதவரை கொலாஜன் என்ற நார்ப்புரதம் குவிந்துகொண்டே இருக்கும். தோல் புதிதாக முளைப்பது புண்ணின் ஓரத்திலிருந்தும், உயிரோடு மிஞ்சிய மயிர்க்கால், வேர்வைச் சுரப்பி இவற்றிலிருந்தும். நடுவில் சூடு ஆழமாக இறங்கி அவையும் வெந்துபோயிருந்தால் ஓரத்திலிருந்து மட்டுமே ஊர்ந்து வந்தாக வேண்டும். உங்கள் பெண்ணுக்கு ஓரம் மூடி நடு நிற்பது அதனால்தான்.

19 நாள் ஆகிவிட்டதால் காலக்கெடுவைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் 2, 3 நாளில் மூடவில்லை என்றால் பொது மருத்துவரிடமே சுற்றாமல் பிளாஸ்டிக் சர்ஜனிடமோ தீக்காயப் பிரிவிலோ காட்டுங்கள். சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 1 செ.மீ. புண்ணுக்கு அவ்வளவு தூரமா என்று கூச்சப்பட வேண்டாம்.

சில்வர் சல்ஃபாடயசின்: முதல் சில நாளைக்குச் சரி. கிருமி இல்லாத, மூடிக்கொண்டிருக்கிற புண்ணில் வாரக்கணக்கில் போட்டால் புதுத் தோல் செல்கள் பரவுவதையே அது தாமதப்படுத்தும். வெள்ளையாக ஒரு படலமும் கட்டும். புண்ணின் ஆழம் தெரியாது, தினம் அதைத் தேய்த்து எடுக்கும்போது அன்று முளைத்ததும் சேர்ந்து போகும். எழுதிக் கொடுத்தவரிடம் "ஓரம் மூடிவிட்டது, பாரஃபின் காஜுக்கு மாறலாமா" என்று நேரடியாகக் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். பாரஃபின் காஜ் என்பது புண்ணில் ஒட்டாத, வாசலின் போன்ற பசை தோய்ந்த வலைத்துணி.

மாறினால் கட்டு இப்படி. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காமல், ஆறவைத்த கொதிநீரோ நார்மல் சலைனோ விட்டு 5 முதல் 10 நிமிடம் ஊறவிடுங்கள். தானாக நழுவ வேண்டும். சலைன் பாட்டிலைத் திறந்தால் மறுநாளுக்கு வைக்காதீர்கள். புண்ணின் மேல் அதே நீரை ஊற்றிக் கழுவி, சுற்றியுள்ள தோலை மட்டும் ஒற்றி எடுங்கள். பாரஃபின் காஜைப் புண்ணின் அளவுக்கு வெட்டி வையுங்கள். பெரிதாக வைத்தால் பக்கத்து நல்ல தோல் ஊறி வெளுத்துச் சுருங்கும். மேலே இரண்டு மடிப்புக் காய்ந்த காஜ், அதற்கு மேல் ரோலர் பேண்டேஜ். உள்ளே ஒரு விரல் நுழைய வேண்டும். பிளாஸ்திரியைப் புதுத் தோலில் ஒட்டாதீர்கள், எடுக்கும்போது உரியும். பாரஃபின் காஜ் கிடைக்கவில்லையா, சாதாரண காஜில் வாசலினை 1 மி.மீ. கனத்துக்குத் தடவி வைத்தாலும் வேலை நடக்கும். நாளுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். இரண்டு வேளை பிரிக்கும் வேலையே வேண்டாம்.

"காத்தாட விடு, காய்ந்தால் ஆறிடும்" என்று சொல்லத்தான் செய்வார்கள். பொருக்குக் கட்டினால் தோல் செல்கள் அதன் அடியில் ஈரம் தேடிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஈரமாக மூடி வைத்த புண்ணில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடுகிறது என்று ஜார்ஜ் விண்டர் பன்றித் தோலில் காட்டியது 1962-ல். அறுபது வருடம் தாண்டியும் காத்தாட விடுகிறோம்.

புண்ணில் பீட்டாடின், டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் தினமும் ஊற்ற வேண்டாம். கிருமியோடு புதுச் செல்லையும் அவை கொல்லும்.

கால் விஷயம் தனி. முழங்காலுக்குக் கீழே இரத்தம் மேலேறுவது மெதுவு என்பதால் புண்ணும் முகத்தைவிட மெதுவாகத்தான் ஆறும். ஸ்கூல் விட்டு வந்ததும் காலைத் தலையணை மேல் உயர்த்தி 20 நிமிடம் படுக்கச் சொல்லுங்கள். நடக்கலாம். ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பதைக் குறையுங்கள். இறுக்கமான எலாஸ்டிக் சாக்ஸின் விளிம்பு புண்ணின் மேல் விழக் கூடாது.

வலி குறையாமல் கூடினாலோ, சுற்றிலும் சூடாகி வீக்கம் பரவினாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டுங்கள். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. ஊதா கலந்த கருமையாகப் பரவும். அதையும் பாருங்கள். நடுச்சதை சிவப்பாகப் பொங்கித் தோல் மட்டத்துக்கு மேலே வந்து, தொட்டாலே இரத்தம் கசிந்தால் அது மிகைச்சதை. அதன் மேல் தோல் ஏறாது, மருத்துவர்தான் குறைக்க வேண்டும்.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

அந்த ட்யூபை உடனே திருப்பிக் கொடுத்துடுங்க.

அது தழும்பு மருந்தே இல்ல. வழக்கமான கலவை ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1%. முகத்துல வர்ற மங்குக்கு, தோல் டாக்டர் கண்காணிப்புல, சில வாரத்துக்கு மட்டும் கொடுக்கிறது. ஆறாத புண்ணுல போட்டா மூணும் மூணு விதமா கெடுக்கும். மொமெட்டசோன் ஸ்டீராய்டு: புண் மூடுறதைத் தள்ளிப்போடும், தொடர்ந்து போட்டா தோல் காகிதம் மாதிரி மெலிஞ்சு நரம்பு நரம்பா தெரியும். ட்ரெட்டினாயின் புதுத் தோலை எரிச்சலாக்கும். நம்ம தோல் எரிச்சல் பட்டா இன்னும் கருக்கும், அதாவது எதைப் போக்க வாங்கினீங்களோ அதுவே கூடும். ஹைட்ரோகுயினோன் கருப்பை மட்டும் தேடிப்பிடிச்சு வெளுக்காது, பக்கத்து நல்ல தோலையும் வெளுத்துத் தழும்பைச் சுத்தி வெள்ளை வளையம் போட்டுடும். இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகளை சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-லேயே அட்டவணை எச் விதியை இறுக்கினாங்க. ஆனா கவுண்டர்ல "தழும்புக்கு ஏதாவது குடுங்க"ன்னு கேட்டா இன்னமும் இதுதான் கைக்கு வருது.

இதுல பெரிய குழப்பம் ஒண்ணு இருக்கு. தழும்புன்னு ஒரே சொல்லுல ரெண்டு வேற வேற பிரச்சினையைச் சொல்றோம். ஒண்ணு நிறம், இன்னொண்ணு மேடு. கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவிப் பாருங்க. விரலுக்குத் தெரியாம கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சா நிறம். விரலுக்கே தட்டுப்பட்டா மேடு. நிறத்துக்கு சிலிக்கான் போட்டுப் பிரயோஜனம் இல்ல, மேட்டுக்கு வெளுக்கிற களிம்பு போட்டுப் பிரயோஜனம் இல்ல. கடையில காசு கரையிறது இதுலதான்.

நிறத்தைப் பத்தி. கருப்பு வளையம் அழற்சியால கூடுதலாச் சுரந்த மெலனின். பழுப்பா இருந்தா மேல்தோல்ல இருக்கு, மாசக்கணக்குல தானா மங்கும். சாம்பல், நீலம் கலந்தாப்ல இருந்தா கீழே இறங்கிடுச்சு, வருஷக்கணக்காகும். கால்ல எதுவுமே முகத்தைவிட மெதுவு. ரோஸா இருக்கிற உள்பகுதியும் கொஞ்ச நாள்ல கருக்கும். கெட்டுப்போச்சுன்னு பயந்து எதையாவது தேய்க்காதீங்க, அது அப்படித்தான் போகும்.

நிறத்துக்கு முதல் மருந்து வெயிலை மறைக்கிறது. யூனிஃபார்ம் சுடிதார் பேண்ட்டா இருந்தா வேலை முடிஞ்சுது, கெட்டித் துணிக்கு ஈடான சன்ஸ்கிரீன் கிடையாது. பாவாடைன்னா, புண் முழுசா மூடின பிறகு எஸ்பிஎஃப் 30-க்கு மேல, புறஊதா ஏ கதிரையும் தடுக்கிற சன்ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமே நம்ம நிறத்தைக் கருக்கும், அதனால அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்துல வர்றதா பார்த்து வாங்குங்க. ஒரு சதுர செ.மீ.க்கு 2 மி.கி. கணக்கு. உங்க 10 சதுர செ.மீ.க்கு 20 மி.கி., சுத்துத் தோலையும் சேர்த்துப் பச்சைப்பயறு அளவு போதும். வெளியில இருந்தா 2 மணி நேரத்துக்கு ஒருக்கா.

மூடி ஒரு மாசம் ஆன பிறகும் கருப்பு உறுத்தலா இருந்தா தோல் டாக்டர்கிட்ட அசெலாயிக் ஆசிட் 10% பத்திக் கேளுங்க. இந்த வயசுக்கு அதுதான் கொஞ்சம் பத்திரமானது. முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி மட்டும், லேசா சுரீர்னு இருக்கும். தோல் உரிஞ்சா நிறுத்தணும்.

எலுமிச்சைச் சாறு கண்டிப்பா வேண்டாம். சாறோடு வெயில் பட்டா அதுவே புதுசா சூடு வைக்கும். வைட்டமின் ஈ காப்ஸ்யூலைக் குத்தித் தடவுறதும் வேண்டாம். 1999-ல ஆபரேஷன் தழும்புல சோதிச்சுப் பார்த்தப்போ தழும்பு நல்லானதா தெரியல, மூணுல ஒருத்தருக்கு ஒவ்வாமைதான் வந்துது. வெங்காயச் சாறு ஜெல்லுக்கு ஆதாரம் பலவீனம், கெடுதலும் பெருசா இல்ல. மஞ்சள் பூசினா நிறம் மறைஞ்சு புண் எப்படி இருக்குன்னே தெரியாது.

சாப்பாடு: முட்டையை நிறுத்தினது பெரிய தப்பு. கொலாஜன் கட்ட புரதம் வேணும், வைட்டமின் சி வேணும். முட்டை, மீன், பருப்பு, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் இப்பதான் கொடுக்கணும். கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம்னு நம்ம ஊர்ல பேர் வாங்கிடுச்சு. சாப்பிட்டா ஏற்கெனவே அரிக்கிற பிள்ளைக்கு மட்டும் தவிர்க்கலாம், புண் ஆறுறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

---

நூற்கண்டு எழுதியது:

சிலிக்கான் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை இருவரும் சொல்லிவிட்டார்கள்.

எப்போது: டிஷ்யூ பேப்பரைப் புண்ணின் மேல் 10 விநாடி அழுத்தி எடுங்கள். ஈரக்கறை ஒட்டவில்லை, குளிக்கும்போது தோல் உரியவில்லை என்று தொடர்ந்து 3, 4 நாள் உறுதியான பிறகு. ஈரப் புண்ணில் சிலிக்கான் போட்டால் அடியில் நீர் தேங்கி ஊறிவிடும். ஒரு வாரம் தாமதமாகத் தொடங்குவதால் நஷ்டம் இல்லை.

எப்படி வேலை செய்கிறது: அது தழும்புக்குள் போகிற மருந்து இல்லை. புதுத் தோலில் தடுப்புச்சுவர் முழுமையாக இருக்காது, நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த வறட்சி கீழே உள்ள நார்ச்செல்களுக்கு "இன்னும் கட்டு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. சிலிக்கான் அந்த ஆவியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் மணிக்கணக்குதான் முக்கியம். காலையில் ஒரு தடவை பூசிவிட்டு மறந்தால் பலன் இருக்காது.

கெண்டைக்கால் சமதளம், முடி குறைவு, துணிக்குள் மறைகிற இடம். ஷீட்டுக்குத் தோதான இடம் அது. முகம், கழுத்து, முழங்கால் மடிப்பு என்றால் ஜெல் சொல்லியிருப்பேன். ஷீட்டைத் தழும்பைவிட எல்லாப் பக்கமும் அரை செ.மீ. அதிகமாக வெட்டுங்கள், மூலைகளை வளைவாக வெட்டினால் சுருளாது. முதல் 2 நாள் 4 மணி நேரம். பிறகு தினம் 2 மணி நேரம் கூட்டி, 12 மணி நேரத்துக்குக் குறையாமல். தினம் இரண்டு முறை கழற்றி, காலையும் ஷீட்டையும் மென்மையான சோப்பில் கழுவி, இரண்டும் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். துண்டால் துடைத்தால் பஞ்சு ஒட்டி ஷீட் சீக்கிரம் வீணாகும், காற்றில் காயவிடுங்கள். ஒட்டும் தன்மை போகிறவரை அதே துண்டைப் பயன்படுத்தலாம்.

பெட்டிக் குறிப்பில் 24 மணி நேரம் வரை என்று இருக்கலாம். நம் சித்திரை வெயிலில் அப்படிப் போட்டால் ஒரே வாரத்தில் அடியில் வேர்க்குரு, அதைச் சொறிந்து புதுப் புண். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இரவு 8 முதல் காலை 8 வரை ஷீட், பகலில் ஜெல் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். வேர்க்குரு வந்தால் 3 நாள் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

ஜெல் என்றால் கழுவிக் காய்ந்த தோலில் மெல்லிய படலமாக, இரண்டு வேளை. 5 நிமிடத்தில் காய வேண்டும். அதற்குப் பிறகும் பிசுபிசுத்தால் அதிகம் பூசியிருக்கிறீர்கள், துடைத்துவிடுங்கள். சன்ஸ்கிரீன் ஜெல் காய்ந்த பிறகு மேலே; அடியில் எண்ணெய், கிரீம் எதுவும் கூடாது. வாங்கும்போது அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்னால் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள். பாலிசிலாக்சேன், டைமெத்திகோன் போன்ற பெயர் முதலில் இருக்க வேண்டும். "ஸ்கார் ஜெல்" என்ற பெயரில் வெறும் கற்றாழையும் வாசனையும் விற்பது உண்டு.

குறைந்தது 3 மாதம். தடிப்புத் தெரிந்தால் 6 மாதம்.

மூடி 3 வாரம் ஆன பிறகு மசாஜ் சேர்க்கலாம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் ஒரு சொட்டு, கட்டைவிரலால் வட்டமாகவும் குறுக்கும் நெடுக்குமாகவும் 10 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. எவ்வளவு அழுத்துவது என்று கேட்பார்கள்: அழுத்துகிற விரலின் நகம் வெளுக்கிற அளவு. தோலின் மேல் விரல் வழுக்கிக்கொண்டு போனால் அது மசாஜ் இல்லை. தழும்பு விரலோடு சேர்ந்து அடிச்சதையின் மேல் நகர வேண்டும். முடிந்ததும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஷீட். புதுத் தோலில் சின்ன நீர்க்கொப்புளம் வந்தால் பயப்படாதீர்கள், மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையிலான பிடிப்பு இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். ஒரு வாரம் மசாஜை நிறுத்துங்கள்.

அரிப்புக்கு: ஈரத்துணியை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து 5 நிமிடம், மூடிய பகுதியில் மட்டும். இரவில் தூக்கம் கெட்டால் மருத்துவரிடம் கேட்டு செட்டிரிசின். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

---

செம்பருத்தி எழுதியது:

நன்றி. ட்யூபைத் திருப்பிவிட்டேன், டாக்டரும் பாரஃபின் காஜுக்கு மாறச் சொல்லிவிட்டார். ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. பாட்டிக்குக் காது குத்திய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு உருண்டையாக இருக்கிறது. இவளுக்கும் அப்படி வருமா?

---

வேம்படி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பையன் நேற்று சாயங்காலம் சைக்கிளில் தார் ரோட்டில் விழுந்து முழங்காலில் சிராய்ப்பு. கழுவிவிட்டோம், ஆனால் தோலுக்குள் கருப்புப் புள்ளிகளாகத் தெரிகிறது. பொருக்கோடு விழுந்துவிடுமா?

---

கட்டுத்துணி எழுதியது:

வேம்படி, விழாது. இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். தோலுக்குள் தங்கிய தார்த்தூள், மண், கரி மீது புதுத் தோல் மூடிக்கொண்டால் பச்சை குத்தியது போல நிரந்தரமாக நின்றுவிடும். 24 மணி நேரத்துக்குள் மரத்துப்போகும் மருந்து கொடுத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் பெரும்பாலும் முழுதாக வந்துவிடும். 3 நாள் கடந்தால் தேய்த்து வராது, பிறகு லேசர்தான். வீட்டில் ஊசி வைத்து நோண்ட வேண்டாம், துகள் இன்னும் ஆழம் போகும். உருகிய தாராக ஒட்டியிருந்தால் மட்டும் அதன் மேல் வாசலினைத் தடவி 15 நிமிடம் விட்டால் இளகி வரும். மண்ணோடு பட்ட காயம் என்பதால் கடைசி டிடி ஊசி 5 வருடம் தாண்டியிருந்தால் அதையும் போட்டுவிடுவார்கள்.

---

நூற்கண்டு எழுதியது:

செம்பருத்தி அம்மா, பாட்டிக்கு இருப்பது கெலாய்டாக இருக்கலாம். குடும்பத்தில் வருவது உண்மைதான். ஆனால் அது விரும்பும் இடங்கள் காது மடல், நெஞ்சு, தோள், தாடை. கெண்டைக்காலில் அரிது. உங்கள் பெண்ணுக்கு வர வாய்ப்புள்ளது அதைவிடச் சாதுவான இன்னொன்று, தடித்த தழும்பு.

வித்தியாசம் இப்படி. தடித்த தழும்பு புண் மூடிய 1, 2 மாதத்தில் எழும்பும், புண் இருந்த எல்லையைத் தாண்டாது, சில மாதம் வளர்ந்து பிறகு ஓரிரு வருடத்தில் தானாகவே தணியும். கெலாய்டு மாதங்கள் கழித்தும் கிளம்பும், எல்லை தாண்டி நல்ல தோலுக்குள் நண்டுக்கால் போலப் போகும், தானாகத் தணியாது. அதை வெட்டி எடுத்துவிட்டு வேறு எதுவும் செய்யாமல் விட்டால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது, பல நேரம் முன்பைவிடப் பெரிதாக. பாட்டியின் காதை யாராவது "சின்ன ஆபரேஷன்தான்" என்று சொன்னால், பிறகு அது திரும்ப வராமலிருக்க ஸ்டீராய்டு ஊசியும் அழுத்தக் கம்மலும் (காதை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) உண்டா என்று கேளுங்கள்.

சிலிக்கான் போட்டும் எழும்பினால் தழும்புக்குள்ளேயே ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. மில்லிக்கு 10 முதல் 40 மி.கி. வரை, 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை. தழும்பின் தடிப்புக்குள் போட வேண்டும். பக்கத்துத் தோலிலோ கொழுப்பிலோ இறங்கினால் அங்கே குழிவிழுந்து வெளுத்துவிடும், அதனால் போட்டுப் பழகிய கை வேண்டும். மேடு தட்டையானால் நிறுத்திவிட வேண்டும், "இன்னும் ஒன்று போடலாமே" என்பதில்தான் குழி வருகிறது. லேசர் இப்போது வேண்டாம். நம் நிறத்தில் சூடு கொஞ்சம் கூடினாலும் புதுக் கருப்பு வரும்.

இன்னொன்று: கெலாய்டு உள்ள குடும்பத்தில் காதில் இரண்டாவது, மூன்றாவது ஓட்டை ஆசையை இப்போதே பேசித் தீர்த்துவிடுங்கள். 11 வயதுக்கு முன் குத்திக்கொண்டவர்களைவிட, பிறகு குத்திக்கொண்டவர்களுக்கே கெலாய்டு அதிகம் வந்ததாக 2005-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு.

முழுதாக மறையுமா என்று முதலிலேயே கேட்டிருந்தீர்கள். இல்லை. ஓரத்தில் சீக்கிரம் மூடிய பகுதி ஒரு வருடத்தில் தேடிப் பார்த்தால்தான் தெரியும் என்ற அளவுக்கு வரலாம். நடுவில் அந்த 1 செ.மீ. முடி இல்லாமல், பளபளப்பாக, கொஞ்சம் நிறம் மாறித் தங்கும். தழும்பு முதிர 12 முதல் 18 மாதம் ஆகும். அதற்கு முன் எந்த மருந்தையும் "பலிக்கவில்லை" என்று மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

பலிக்குதா இல்லையான்னு கண்ணால சொல்ல முடியாது, தினம் பார்க்கிறதால வித்தியாசம் தெரியாது. மாசம் ஒரு தேதி வெச்சுக்கிட்டு, காலை 10 மணிக்கு ஜன்னல் ஓரமா, ஃபிளாஷ் இல்லாம, பக்கத்துல ஒரு ரூபாய் நாணயம் வெச்சு ரெண்டு படம்: ஒண்ணு நேர் மேலேர்ந்து, ஒண்ணு சாய்ச்சு. மேடு சாய்ச்ச படத்துலதான் தெரியும். ஓரத்தைத் தாண்டிப் போச்சுன்னா, இல்ல ரெண்டு மாசம் தொடர்ந்து உயரம் கூடுச்சுன்னா அந்தப் படங்களோட தோல் டாக்டர்கிட்ட போங்க. நிறம் மட்டும் மாறாம இருந்தா அவசரமே இல்ல.

அப்புறம் ஒண்ணு, எல்லாருக்கும். நம்ம ஊரு பைக்ல சைலன்சர் பெரும்பாலும் வலது பக்கம். இடது பக்கமா ஏறி இடது பக்கமாவே இறங்கினா இந்தப் புண் பெரும்பாலும் வராது. வண்டி நின்ன பிறகும் கொஞ்ச நேரத்துக்குச் சூடு இறங்காது, பக்கத்துல நிக்கிற குழந்தைக்குத்தான் படும். பட்டுடுச்சுன்னா குழாய்த் தண்ணியில 20 நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து. ஐஸ் வேண்டாம். உடனே முடியலன்னா 3 மணி நேரத்துக்குள்ள காட்டினாலும் பலன் உண்டு.

---

செம்பருத்தி எழுதியது:

23ஆம் நாள். டிஷ்யூ வைத்துப் பார்த்தேன், கறை ஒட்டவில்லை. இன்னும் 3 நாள் பார்த்துவிட்டு ஷீட் வெட்டுகிறேன். இன்று முட்டைக் குழம்பு.